கழிவுநீரில் காற்று ஊதினால் என்ன நடக்கிறது? புளோயரை இரவில் நிறுத்தலாமா?

கேள்வி இதுதான்: பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் 100 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை, அதனால் வளாகத்துக்குள்ளேயே எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அதில் தொட்டிக்குள் காற்றை ஊதும் 5 எச்பி புளோயர் இராப்பகலாக ஓடுகிறது. கரண்ட் பில்லைப் பார்த்த சங்கத்தார், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அதை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். வெறும் காற்றை ஊதினால் சாக்கடைத் தண்ணீர் எப்படிச் சுத்தமாகும், பழைய செப்டிக் டேங்க்கே போதாதா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் சுருக்கமான பதில். எட்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் நிறுத்தக் கூடாது. அரை மணிக்குள் விட்டு விட்டு நிறுத்தலாம். கரண்டை மிச்சம் பிடிக்க அதைவிட நல்ல வழிகளும் உண்டு. ஏன் என்பது புரிய வேண்டுமென்றால் தொட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

கழிவுநீர் என்றதும் வரும் அருவருப்புக்கும் அதில் இருக்கும் அழுக்கின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. எடையில் 99.9 சதவீதம் தண்ணீர்தான். இந்தியாவில் வடிவமைப்புக்காக ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைக்கிறார்கள். அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 108 லிட்டர், கழிவுநீராகத் திரும்பி வருகிறது. அதில் ஓர் ஆள் சேர்த்துவிடும் அழுக்கு பிஓடி கணக்கில் 27 கிராம். லிட்டருக்கு 250 மில்லிகிராம் ஆகிறது.

பிஓடி என்பது அழுக்கின் எடை அல்ல. அந்த அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு. மேல்நாடுகளில் 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்து அளப்பார்கள். நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்ப இங்கே 27 டிகிரியில் மூன்று நாள். ஆக்சிஜனை வைத்து அழுக்கை அளப்பதற்குக் காரணம் உண்டு. இந்தத் தண்ணீரை அப்படியே ஏரியில் விட்டால், ஏரியில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத்தான் போகின்றன. அதற்கு ஏரி நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பது பெரும்பாலும் இதனால்தான். எஸ்டிபி செய்வதும் அதே வேலைதான். ஏரியில் நடக்க வேண்டியதை ஒரு தொட்டிக்குள் அடக்கி, ஆக்சிஜனை வெளியிலிருந்து கொடுத்து, ஒரே நாளில் முடித்துவிடுகிறது.

அழுக்கை நேரடியாக வடிகட்டிவிட முடியாதா? ஒரு பங்கை முடியும். கழிவுநீரை இரண்டு மணி நேரம் அசையாமல் வைத்தால் பிஓடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடியில் படிந்துவிடும். மிச்சம் எல்லாம் கரைந்த அழுக்கு, அல்லது படியாத அளவுக்கு மிக நுண்ணிய துகள்: அரிசி கழுவிய நீரின் மாவு, பால், சோப்பு, சர்க்கரை, சிறுநீர். கரைந்ததை மணல் ஃபில்டரில் விட்டால் அந்தப் பக்கம் அப்படியே வரும். எத்தனை நாள் வைத்தாலும் படியாது. காற்றூட்டும் முறையின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது: கரைந்திருப்பதை, அடியில் படியக்கூடிய ஒரு பொருளாக மாற்றுவது.

அந்த மாற்றத்தைச் செய்வது பாக்டீரியா. கரைந்த உணவை உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது. ஒரு பகுதியை ஆக்சிஜன் கொண்டு எரித்து, கரியமில வாயுவும் தண்ணீருமாக வெளியேற்றுகிறது. அதில் கிடைக்கும் சக்தியால் இன்னொரு பகுதியைத் தன் உடம்பாகக் கட்டிக்கொண்டு இரண்டாகப் பிரிகிறது. உணவு குறையக் குறைய இந்தப் பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் பழுப்பு நிறத் திரிகளாகத் திரள்கின்றன. இவை தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமானவை. காற்றை நிறுத்தினால் அரை மணி நேரத்தில் அடியில் இறங்கிவிடும், மேலே தெளிந்த நீர் நிற்கும்.

நுண்ணோக்கியில் பார்த்தால் இந்தத் திரிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காம்புள்ள சின்னச் சின்ன உயிர்கள் தெரியும். வோர்டிசெல்லா என்று பெயர். திரியில் சேராமல் தனியாக அலையும் பாக்டீரியாவைப் பிடித்துத் தின்பது இவற்றின் வேலை. நீர் கலங்காமல் பளிச்சென்று இருப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. வோர்டிசெல்லா நிறைய இருந்தால் தொட்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் ஆய்வக அறிக்கை வரும் முன்பே சொல்லிவிடுவார்கள்.

வெறுமனே காற்றை ஊதினால் மட்டும் இது நடந்துவிடாது. அதைக் கண்டுபிடிக்கவே வெகு காலம் பிடித்தது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே கழிவுநீரில் காற்றை ஊதிப் பார்த்தார்கள். சுத்தமாக வாரக்கணக்கில் ஆனதால் எந்த ஊருக்கும் அது கட்டுப்படியாகவில்லை. மான்செஸ்டர் நகரின் டேவிஹல்ம் கழிவுநீர் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டனும் வில்லியம் லாக்கெட்டும் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். ஒரு தடவை ஊதி முடித்ததும், தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் படிந்த கசடை வீசாமல் அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். மறுபடி ஊதினார்கள், மறுபடி கசடை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நேரம் குறைந்துகொண்டே வந்து, வாரக்கணக்கில் ஆன வேலை ஒரு நாளுக்குள் சில மணி நேரத்தில் முடிந்தது. நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதே கதைதான். 1914இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் ஓடும் பெரும்பாலான சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அதுதான் மூலம். இந்த ஆய்வுக்குத் தூண்டுகோலாக இருந்த கில்பர்ட் ஃபவுலர் சில ஆண்டுகளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்துவிட்டார். ஆக இந்தத் தொழில்நுட்பத்துக்கு நம் பக்கத்து ஊர்த் தொடர்பு நூறு வருடத்துக்கு மேலானது.

உங்கள் எஸ்டிபியில் கசடு படியும் செட்டிலிங் டேங்க்கிலிருந்து காற்று ஊதும் ஏரேஷன் டேங்க்குக்கு ஒரு பைப் திரும்பிப் போகும், பார்த்திருப்பீர்கள். ரிட்டர்ன் ஸ்லட்ஜ் லைன் என்பார்கள். அந்த உறை போகும் வழி அதுதான். அது அடைத்துக்கொண்டால் புளோயர் எத்தனை எச்பியில் ஓடினாலும் பிரயோஜனமில்லை.

இனி செப்டிக் டேங்க். அங்கேயும் பாக்டீரியாதான் வேலை செய்கிறது, ஆனால் காற்றில்லாமல். ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியாவுக்கு உணவிலிருந்து கிடைக்கும் சக்தி மிகக் குறைவு. அதனால் மெதுவாகத் தின்னும், மெதுவாகப் பெருகும். மீத்தேனும், அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வெளிவரும். செப்டிக் டேங்க்கிலிருந்து வெளியேறும் நீரில் பிஓடி பாதிக்கு மேல் குறைவது அபூர்வம், அமோனியா குறைவதே இல்லை. மிச்ச வேலையை மண் செய்யும் என்ற நம்பிக்கையில்தான் அதை உறிஞ்சு குழிக்கு விடுகிறோம். நல்ல மண்ணும், ஆழமான நிலத்தடி நீரும், போதுமான இடமும் உள்ள தனி வீட்டுக்கு ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க்கும் உறிஞ்சு குழியும் அருமையான ஏற்பாடு. கரண்ட் வேண்டாம், ஆபரேட்டர் வேண்டாம், கசடும் குறைவு. சரியாக ஓடாத எஸ்டிபியைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. ஆனால் 100 வீட்டுக் கழிவுநீரை, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் பகுதியில், ஒரு குழியில் இறக்கினால் அது நேராக உங்கள் போர்வெல்லுக்குத்தான் வரும். தவிர, 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் 2006ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும், அதன் நிபந்தனைகளில் எஸ்டிபி கட்டாயம் இருக்கும்.

உங்கள் நிலையத்தில் தண்ணீர் போகும் பாதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் கம்பித் தடுப்பு. துணி, பிளாஸ்டிக், நாப்கின் எல்லாம் அங்கே சிக்க வேண்டும். சமையலறைத் தண்ணீருக்கு எண்ணெய்ப் பொறி. அப்புறம் கலெக்‌ஷன் டேங்க். இது வெறும் சேமிப்புத் தொட்டி என்று நினைத்து, கட்டுமானத்தில் பணம் மிச்சம் பிடிக்க இதைத்தான் முதலில் சுருக்குவார்கள். உண்மையில் இது ரொம்ப முக்கியமானது. நூறு வீட்டிலும் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள்தான் குளியல், துவையல், பாத்திரம் எல்லாம். அந்த வெள்ளத்தை அப்படியே உள்ளே விட்டால் பாக்டீரியாவுக்குத் தின்ன நேரம் கிடைக்காது, படிந்த கசடும் அடித்துக்கொண்டு போய்விடும். அதைத் தேக்கி வைத்து, சின்ன பம்ப் ஒன்றால் நாள் முழுக்கச் சீராக அனுப்ப வேண்டும். இதனால்தான் இரவு இரண்டு மணிக்கு யாரும் குழாயைத் திறக்காவிட்டாலும் ஏரேஷன் டேங்க்குக்கு உணவு போய்க்கொண்டிருக்கிறது. சங்கத்தாரின் கணக்கில் விட்டுப்போனது இது.

ஏரேஷன் டேங்க்கில் நீர் ஏறக்குறைய ஒரு நாள் இருக்கும். அங்கிருந்து செட்டிலிங் டேங்க், பிறகு மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், கடைசியில் கிருமியைக் கொல்லும் குளோரின் கரைசலான ஹைப்போ. சில இடங்களில் தொட்டிக்குள் பல் சக்கரம் மாதிரியான பிளாஸ்டிக் வில்லைகள் மிதக்கும். பாக்டீரியா அவற்றின்மேல் படலமாக ஒட்டி வளரும். அது எம்பிபிஆர், 1980களின் இறுதியில் நார்வேயில் உருவானது. ஒரே தொட்டியில் நிரப்பி, ஊதி, படியவிட்டு, மேல்நீரை இறுத்தால் எஸ்பிஆர். படியவிடுவதற்குப் பதில் மெல்லிய சவ்வில் உறிஞ்சி எடுத்தால் எம்பிஆர். தண்ணீர் பிரமாதமாக வரும், சவ்வு மாற்றும் செலவும் பிரமாதமாக வரும். பெயர் எதுவானாலும் உள்ளே நடக்கும் உயிரியல் ஒன்றுதான்.

இப்போது காற்றுக்கு வருவோம். 30 டிகிரி வெப்பமுள்ள நீரில் எவ்வளவு ஊதினாலும் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனுக்கு மேல் கரையாது. ஏரேஷன் டேங்க்கில் நாம் வைத்திருக்க விரும்புவது 2 மில்லிகிராம் அளவு. இந்தத் தொட்டியில் லிட்டருக்கு 3,000 முதல் 4,000 மில்லிகிராம் வரை உயிருள்ள கசடு இருக்கும். அது மணிக்கு 30 மில்லிகிராம் வேகத்தில் ஆக்சிஜனை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், புளோயரை நிறுத்திய நான்காவது நிமிடம் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். சேமிப்பு என்று எதுவும் அங்கே கிடையாது.

அதன் பிறகு? முதல் அரை மணியில் கசடு முழுக்க அடியில் உட்கார்ந்து, காற்றைக் குமிழியாக விடும் டிஃப்யூசர்களை மூடும். அதன் ரப்பர் சவ்வின் துளைகளில் அடைப்பு ஏற ஆரம்பிப்பது இப்படித்தான். நைட்ரேட் இருக்கும் வரை பாக்டீரியா அதிலுள்ள ஆக்சிஜனை எடுத்துச் சமாளிக்கும். அதுவும் தீர்ந்ததும் காற்றில்லா வாழ்க்கை தொடங்கும். உங்கள் எஸ்டிபி விடிய விடிய ஒரு செப்டிக் டேங்க். கசடு கறுத்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ளே சேரும். காலை ஆறு மணிக்கு புளோயரைப் போட்டதும், சேர்ந்திருந்த வாயு மொத்தத்தையும் குமிழிகள் வெளியே கொண்டுவந்து, நடைப்பயிற்சி போகிறவர்கள் மூக்கில் அடிக்கும். "காலையில் மட்டும் நாறுகிறது" என்று புகார் வரும் இடங்களில் நான் முதலில் கேட்பது, இரவில் புளோயரை யார் நிறுத்துகிறார்கள் என்பதைத்தான்.

நாற்றம் தெரியும், தெரியாத சேதம் ஒன்றும் இருக்கிறது. சிறுநீரிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா தனி வகை. மற்றவை மணிக்கணக்கில் இரட்டிப்பாகும் என்றால் இவை இரட்டிப்பாக ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். ஆக்சிஜனும் இவற்றுக்கு நிறைய வேண்டும்: ஒரு கிலோ அமோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிலோ. காற்று குறைந்தால் முதலில் முடங்குவது இவைதான், திரும்பத் தலையெடுக்க வாரங்கள் ஆகும். அமோனியா போகாத நீரில் ஹைப்போவை ஊற்றினால் குளோரின் அமோனியாவோடு சேர்ந்து வீணாகும், கிருமியும் சரியாகச் சாகாது. ஃப்ளஷ் டேங்க்குக்கு வரும் மறுசுழற்சி நீரில் மூத்திர வாடை வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இது.

இதே பாக்டீரியாவைப் பற்றி இன்னொன்று. ஒவ்வொரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாற்றும்போதும் அவை நீரின் காரத்தன்மையில் சுமார் 7 மில்லிகிராம் குறைத்துவிடும். நல்ல கடினத்தன்மை உள்ள போர் தண்ணீர் பயன்படுத்தும் வளாகத்தில் இது தெரியாது. சாஃப்ட்னர் காரத்தன்மையைக் குறைப்பதில்லை, ஆனால் ஆர்ஓ தண்ணீரையே எல்லாவற்றுக்கும் ஓட்டும் இடங்களில் பிஹெச் 6.5க்குக் கீழே இறங்கி, அமோனியா மாற்றம் நின்றுவிடும். அங்கே கொஞ்சம் சுண்ணாம்பு போட்டால் போதும்.

இப்போது சங்கத்தார் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்ல வேண்டும். நூறு வீட்டில் 400 பேர் என்று வைத்தால் நாளுக்கு 43,000 லிட்டர் கழிவுநீர், 10.8 கிலோ பிஓடி. அதை எரிக்கவும் அமோனியாவை மாற்றவும் மொத்தம் 25 கிலோ அளவுக்கு ஆக்சிஜன் போதும். நல்ல நிலையில் இருக்கும் நுண்குமிழி டிஃப்யூசர், உண்மையான கழிவுநீரில், ஒரு யூனிட் கரண்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ ஆக்சிஜன் கரைத்துக் கொடுக்கும். ஆக 25 யூனிட் சுற்றி முடிய வேண்டிய வேலை. 5 எச்பி மோட்டார் முழுச் சுமையில் நாள் முழுக்க ஓடினால் 90 யூனிட் வரை இழுக்கும். இடைவெளி பெரிதுதான். ஆனால் முழுவதும் விரயம் அல்ல. காற்றுக்கு இரண்டு வேலை: ஆக்சிஜன் கொடுப்பது ஒன்று, கசடு படியாமல் கலக்கிக்கொண்டே இருப்பது இன்னொன்று. கலெக்‌ஷன் டேங்க்கும் கெட்டுப்போகாமலிருக்க அதே புளோயரிலிருந்துதான் காற்று போகும். இதையெல்லாம் கழித்தாலும் மிச்சம் பிடிக்க இடமிருக்கிறது.

எங்கே பிடிப்பது என்று சொல்வதற்கு முன் கசடைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கரண்டைவிடப் பெரிய பிரச்சினை அதில்தான். கரைந்த அழுக்கு பாக்டீரியாவின் உடம்பாக மாறுகிறது என்றேன். அந்த உடம்பு எங்கே போகும்? உங்கள் அளவுள்ள நிலையத்தில் தினமும் சுமார் 5 கிலோ உலர் எடைக்குப் புதுக் கசடு உண்டாகும். தண்ணீரோடு சேர்த்துப் பார்த்தால் 600 லிட்டர். அதைத் தினமும், அல்லது வாரத்தில் சில நாளாவது, எடுத்து ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து வெளியேற்ற வேண்டும். எத்தனையோ வளாகங்களில் அந்த ஃபில்டர் பிரஸ் துணி காய்ந்து கிடக்கும். ஆபரேட்டரைக் கேட்டால் "நம்ம பிளான்ட்ல ஸ்லட்ஜே வராது சார்" என்பார். வராமல் எப்படி இருக்கும்? செட்டிலிங் டேங்க்கின் விளிம்பு தாண்டி, சுத்திகரித்த நீரோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. மணல் ஃபில்டர் அடிக்கடி அடைப்பதும், ஃப்ளஷ் டேங்க்கில் பழுப்புப் படிவு சேர்வதும் அதனால்தான். கசடை எடுக்காத எஸ்டிபி, அழுக்கின் வடிவத்தை மாற்றிக் கொடுத்ததோடு சரி.

தொட்டியில் கசடு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு லிட்டர் அளவு சிலிண்டர் போதும். புளோயர் ஓடும்போது ஏரேஷன் டேங்க் நீரை அதில் நிரப்பி, ஆடாமல் வைத்து, 30 நிமிடம் கழித்துக் கசடு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். 250 முதல் 400 மில்லி வரை என்றால் நல்லது. 600, 700 என்று நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: கசடு நிஜமாகவே மிகுந்துவிட்டது, அல்லது இழை போன்ற பாக்டீரியா பெருகி, படியாமல் பஞ்சாக உப்பியிருக்கிறது. பாதி கசடு, பாதி சுத்திகரித்த நீர் என்று கலந்து மறுபடி வைத்தால் எது என்று தெரிந்துவிடும். பளிச்சென்று பழைய அளவில் பாதிக்கும் கீழே இறங்கினால் கசடு மிகுந்ததுதான் காரணம், வெளியே எடுத்தால் சரியாகும். முதல் சோதனையிலேயே நூறு மில்லிக்குக் கீழே நின்றால் பாக்டீரியா போதாது, கசடு எடுப்பதை நிறுத்துங்கள். சிலிண்டரை இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டு வைத்து, படிந்த கசடு கட்டியாக மேலே மிதந்து வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் நைட்ரேட்டிலிருந்து நைட்ரஜன் குமிழி உண்டாகிறது; செட்டிலிங் டேங்க்கிலும் கசடு அதிக நேரம் தங்குகிறது, ரிட்டர்னைக் கூட்ட வேண்டும்.

நிறமும் வாடையும் பேசும். நல்ல கசடு சாக்லேட் பழுப்பு, மழை பெய்த மண் வாசம். கறுப்பு என்றால் காற்றுப் பற்றாக்குறை. வெள்ளை நுரை மலையாக எழும்பினால் கசடு இளசு, அல்லது யாரோ சோப்புத்தூளைக் கொட்டியிருக்கிறார்கள். பிசுபிசுப்பான பழுப்பு நுரை கசடு கிழடாகிவிட்டதையோ எண்ணெய் மிகுந்துவிட்டதையோ காட்டும். தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் பெரிய குமிழி குபுகுபுவென்று கிளம்பினால் அங்கே டிஃப்யூசர் கிழிந்திருக்கிறது. காற்று மொத்தமும் அந்த வழியாக வீணாகிறது.

பாக்டீரியா பவுடர் விற்பவர்கள் வருவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் எஸ்டிபிக்கு அது தேவையே இல்லை. தேவையான எல்லா வகையும் தினமும் 400 பேர் குடலிலிருந்தும் குளியலிலிருந்தும் இலவசமாக வந்து இறங்குகிறது. தொட்டி முழுக்கக் கெட்டுப்போய்ப் புதிதாகத் தொடங்க வேண்டுமானால், நன்றாக ஓடும் இன்னொரு நிலையத்திலிருந்து ஒரு லாரி கசடு கொண்டுவருவது நல்லது. சாணம் கரைத்து ஊற்றும் வழக்கம் நம் பக்கம் உண்டு. ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை, ஆனால் மாட்டின் வயிற்றில் இருப்பது பெரும்பாலும் காற்றில்லாமல் வாழும் கூட்டம், கூடவே நாரும் வந்து சேரும். பொங்கல், தீபாவளிக்குப் பாதி வீடு பூட்டியிருக்கும்போது ஆபரேட்டர்கள் வெல்லம் கரைத்து ஊற்றுவதில் அர்த்தமிருக்கிறது. பட்டினி கிடக்கும் கூட்டத்துக்கு அது உணவு.

வீடுகளில் கவனிக்க வேண்டியது அதிகமில்லை. பொரித்த எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதீர்கள். நாப்கின், டயப்பர், ஈரத்துடைப்புத் தாள் எதையும் கழிப்பறையில் போடாதீர்கள். வழக்கமான அளவு ஃபினாயிலும் பிளீச்சும் ஒன்றும் செய்யாது. மேல்நிலைத் தொட்டி கழுவும் நாளில் பக்கெட் பக்கெட்டாக பிளீச்சிங் கரைசலைச் சாக்கடையில் இறக்குவதுதான் கொல்லும்.

இதே தொழில்நுட்பத்தை ஒரு வீட்டு அளவுக்குச் சுருக்கி மற்ற நாடுகளில் வெகு காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் களிமண் நிலம் நீரை உறிஞ்சாத பகுதிகளில், முற்றத்தில் மூன்று நான்கு அறை கொண்ட தொட்டியைப் புதைத்து, காற்றூட்டி, குளோரின் மாத்திரையில் ஓடவிட்டு, புல்வெளியில் தெளிக்கிறார்கள். ஜப்பானில் இதற்கு ஜோகாசோ என்று பெயர். அங்கே 1983இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கழிப்பறை நீரை மட்டும் சுத்திகரிக்கும் பழைய வகையைப் புதிதாக நிறுவுவதை 2001 முதல் நிறுத்திவிட்டார்கள். சமையலறை, குளியலறை நீரும் சேர்ந்தே சுத்தமாக வேண்டும். கசடை ஆண்டுக்கு ஒரு முறையாவது எடுப்பதும், பராமரிப்பும், ஆண்டுதோறும் வெளியார் வந்து செய்யும் பரிசோதனையும் உரிமையாளரின் சட்டக் கடமை. நம் ஊரில் இயந்திரம் வாங்குவதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகப் பேச வேண்டும். தொட்டி அடைத்துக்கொண்டது, டிஃப்யூசர் கழன்றுவிட்டது என்று யாரையும் உள்ளே இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு அதை உணரும் சக்தியை இழந்துவிடும். நாற்றம் இல்லை என்று இறங்கியவர் மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். ஓடும் ஏரேஷன் டேங்க்கில் தவறி விழுந்தால் நீச்சல் தெரிந்தவர்கூட மிதப்பது கடினம், ஏனென்றால் குமிழி கலந்த நீருக்கு உடம்பைத் தாங்கும் சக்தி குறைவு. கம்பித் தடுப்பு, மூடி, கைப்பிடி இல்லாத தொட்டிக்கு அவை முதல் செலவாக இருக்கட்டும். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. சங்க நிர்வாகிகள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இழுத்து வெளியே எடுக்கக்கூடிய டிஃப்யூசர்களாக மாற்றிவிட்டால் இறங்க வேண்டிய தேவையே பாதி குறையும்.

இனி கரண்ட். முதலில் இரண்டு புளோயரும் ஒரே நேரத்தில் ஓடுகின்றனவா என்று போய்ப் பாருங்கள். ஒன்று ஓட, ஒன்று மாற்றுக்காக என்றுதான் வைத்திருப்பார்கள். டிஃப்யூசர் அடைத்த இடங்களில் இரண்டையும் ஓட்டிச் சமாளிப்பார்கள். காற்று உறிஞ்சும் இடத்திலுள்ள ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், பெல்ட் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். டிஃப்யூசர் சவ்வு பல வருடம் பழசு என்றால் மாற்றுங்கள். குமிழி எவ்வளவு பொடியோ அவ்வளவு ஆக்சிஜன் கரையும். உங்கள் தொட்டியின் ஆழத்தில், நல்ல நிலையில்கூட, ஊதும் ஆக்சிஜனில் பத்தில் ஒரு பங்குதான் கரைகிறது.

அடுத்து கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கைமீட்டர் ஒன்று. அதிகாலை மூன்று மணிக்கு அளந்து பார்த்தால் 4, 5 என்று காட்டுகிறதா? அப்படியானால் தேவைக்கு மேல் ஊதுகிறீர்கள், வேகத்தைக் குறைக்கலாம். குறைப்பதற்கு வெளியேறும் வால்வைத் திருகி மூடாதீர்கள். இந்த இரட்டை மடல் புளோயரில் வால்வை மூடினால் அழுத்தம் ஏறி கரண்ட் இன்னும் கூடும், மோட்டார் சூடேறும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி என்ற கருவியை மாட்டி வேகத்தைக் குறைக்க வேண்டும். 30 சதவீதம் வேகம் குறைந்தால் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கரண்டும் குறையும். எவ்வளவு வரை குறைக்கலாம் என்று தயாரிப்பாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே போனால் புளோயரே சூடாகும். வேகம் குறைத்த பிறகும் தொட்டியின் மூலைகளில் நீர் சுழன்றுகொண்டிருக்க வேண்டும்.

விஎஃப்டிக்கு இப்போது பணம் இல்லை என்றால் ஒரு டைமர் போதும். இரவு 11 முதல் காலை 5 வரை 40 நிமிடம் ஓட்டம், 20 நிமிடம் நிறுத்தம். செட்டிலிங் டேங்க்கின் ரிட்டர்ன் காற்றால் இயங்குகிறது என்றால் அந்த 20 நிமிடமும் ரிட்டர்ன் நின்றுவிடும், பரவாயில்லை. அந்தக் குறுகிய இடைவெளியில் பாக்டீரியா நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்தி அதை நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும். இழந்த காரத்தன்மையில் பாதி திரும்பக் கிடைக்கும், நைட்ரேட்டும் குறையும். சேமிப்பு என்று பார்த்தால் நாளுக்கு ஏழரை யூனிட்டுக்குள்தான் வரும் என்பதையும் சங்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் இப்படி ஓட்டி, சிலிண்டரில் படியும் அளவும், வெளியேறும் நீரின் அமோனியாவும் மாறவில்லை என்றால் பகலில் கூட்டம் குறைந்த நேரத்துக்கும் இதை நீட்டிக்கலாம். அமோனியா ஏறினால் அன்றைக்கே பழையபடி முழு நேர ஓட்டத்துக்குத் திரும்பிவிடுங்கள்.